சேதுக்கரையில் சுமைவழி: மோட்டார் உறுப்புகள் கடல் கடந்த வரலாறு

சேதுக்கரையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அங்கு வந்து நீராடிய மக்களைப் பற்றியும், அம்மக்களுக்குச் சத்திரமும் சாலையும் அமைத்த சேதுபதி மன்னர்களைப் பற்றியும் எழுதினர். மக்களுக்குப் பின்னே வந்த சுமைகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு தீவின் வாழ்வு அங்கு வந்து இறங்கும் சுமையைப் பொறுத்தே அமைகிறது. மணலும் பவளப் பாறையும் நிறைந்த இராமேசுவரத் தீவில் கட்டடத்திற்குரிய கருங்கல் கிடையாது. அவ்வாறிருந்தும், 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவுற்ற மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. அத்தூண்களுக்கான கற்கள் கடல் கடந்தே வந்திருக்க வேண்டும். தூணைச் செதுக்கிய சிற்பியின் திறனை வியக்கும் நாம், கல்லைத் தோணியில் ஏற்றி, கவிழாமல் கரை சேர்த்த கைகளை நினைப்பதில்லை.

கல்தூணுக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் சுமையின் வடிவம் மாறியது, சிக்கல் மாறவில்லை. மோட்டார் வண்டிகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டில் அவ்வண்டிகளின் கனத்த உறுப்புகள் எவ்வாறு இக்கரைக்கு வந்து சேர்ந்தன என்பதை ஆராயின், இந்நிலப்பகுதியின் போக்குவரத்து வரலாறு முழுவதும் ஓர் ஒழுங்கில் புலப்படும்.

இருப்புப்பாதையும் கடலும்

மதுரையிலிருந்து மானாமதுரை, இராமநாதபுரம் வழியாக மண்டபம் வரை இருப்புப்பாதை 1902இல் அமைந்தது. மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள கடல் இரண்டு கிலோமீட்டர் அளவினதே. எனினும், நூறு கிலோமீட்டருக்கும் மேலாக இரயிலில் வந்த பொருள் அந்த இரண்டு கிலோமீட்டருக்காக இறக்கப்பட்டு, படகேற்றப்பட்டு, மறுகரையில் மீண்டும் இறக்கப்பட வேண்டியிருந்தது. 1911இல் தொடங்கப்பெற்ற பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது. கப்பல்களுக்கு வழிவிடும் பொருட்டு அப்பாலத்தின் நடுவே அமெரிக்கப் பொறியாளர் செர்சரின் பெயரால் வழங்கும் தூக்குப் பகுதி அமைக்கப்பட்டது. அதனைப் பணியாளர்கள் தம் கைகளாலேயே இயக்கித் திறந்தனர்.

சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், பின்னர்க் கொழும்பு வரை மீண்டும் இரயில் என்னும் 'போட் மெயில்' வழி அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. இலங்கைக்கு மோட்டார் காரில் செல்ல விரும்பியோர் மண்டபத்தோடு நிற்க நேர்ந்தது. தீவுக்குள் சாலைவழி இல்லை. ஆகவே காரை இரயிலின் தட்டை வண்டியில் ஏற்றிச் சங்கிலியால் பிணைத்துத் தனுஷ்கோடிக்குக் கொண்டுசென்று, அங்கே கப்பலில் ஏற்றினர். ஊர்தியே சுமையாகிப் பிறிதோர் ஊர்தியின் மீது சென்ற காட்சி இக்கரைக்குரிய தனிச்சிறப்பு எனலாம்.

பேருந்தும் உதிரி உறுப்புகளும்

பெருநிலப்பகுதியில் நிலைமை வேறாக இருந்தது. 1910களின் தொடக்கத்தில் பேருந்துத் தொழிலில் இறங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையைத் தம் நிறுவனத்தின் தலைமையிடமாகக் கொண்டார். பேருந்து ஓட்டுவதோடு அமையாமல், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளையும் உறுப்புகளையும் விற்கும் உரிமையையும் அந்நிறுவனம் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் அருகியபோது கரிவாயுவால் பேருந்தை ஓட்டும் கருவியை அது உருவாக்கியது. தேய்ந்த டயருக்கு மறுவார்ப்புச் செய்யும் தொழிலையும் வளர்த்தது. இவ்வாறு பேருந்துத் தொழிலும் உறுப்பு வணிகமும் மதுரையில் ஒன்றாக வளர்ந்ததால், தென்மாவட்டப் பட்டறைகள் யாவும் உறுப்புக்காக மதுரையை நோக்கின. உறுப்பு விற்கும் ஊரிலிருந்தே பேருந்தும் புறப்பட்டது. ஆகவே உறுப்பு பேருந்திலேயே பயணம் செய்தது.

பேருந்து மக்களுக்குரியதாயினும் சுமையைச் சட்டம் விலக்கவில்லை. பயணிகளோடு பொருள்களையும் எந்நிபந்தனையின் பேரில் ஏற்றலாம் என்பதை வழித்தட உரிமத்திலேயே வரையறுக்க 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடமளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விதியைத் தொடர்ந்தது. பேருந்துச் சுமையின் பொருளியல் எளியது. வண்டி எப்படியும் ஓடுகிறது. எரிபொருளுக்கும் ஓட்டுநருக்கும் ஆகும் செலவைப் பயணிகளின் கட்டணமே ஈடுசெய்கிறது. கூரையில் எஞ்சிய இடத்திற்குக் கிடைக்கும் சுமைக்கூலி மிகை வருவாய். லாரி நிறையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று மாலை ஏற்றியது நாளைக் காலை இறங்கும்.

எனினும் உறுப்புகளுள் இருவகை உண்டு. கியர்பாக்ஸ், ஆக்சில், பட்டைச் சுருள் முதலியன அளவிற் சிறியன, எடையிற் பெரியன. பானெட், மட்கார்டு, பம்பர், முன்கண்ணாடி முதலியன எடையிற் குறைந்தன, இடத்தை மிகுதியாக அடைப்பன. முன்னவற்றைக் கூரைக்கு ஏற்ற ஏணியில் இருவரும் மேலே ஒருவரும் வேண்டும். எண்ணெயை முற்றும் வடித்துச் சாக்கில் சுற்றாவிடின் அடுத்தவர் மூட்டை கறைபடும். பின்னவற்றுக்குக் கயிற்றுக் கட்டே உயிர். கட்டு தளர்ந்தால் காற்றில் தகடு வளையும். கண்ணாடிக்கு வைக்கோலும் மரச்சட்டமும் வேண்டும். எடைக்கு மட்டும் கூலி வாங்கினால் பானெட்டினால் நட்டம். இடத்திற்கு மட்டும் வாங்கினால் கியர்பாக்ஸினால் நட்டம். இரயில்வே பார்சல் விதிகள் பருமனையும் எடையாகக் கணக்கிடுவது இதனாலேயே. பேருந்து நிலையத்திலோ இக்கணக்கை நடத்துநரின் கண்ணளவே தீர்த்துவைத்தது.

ஏற்றியவுடன் வணிகர் பட்டறைக்காரருக்குப் பேருந்தின் எண்ணையும் நேரத்தையும் தொலைபேசியில் தெரிவிப்பார். வண்டி ஊரில் நிற்பது சில மணித்துளிகளே. அந்நேரத்தில் பெறுவோர் அங்கிருத்தல் வேண்டும். தவறின் சுமை அடுத்த ஊருக்குச் சென்றுவிடும். எழுத்தில் இருந்தது ஒரு சீட்டு; எஞ்சியது முழுவதும் நம்பிக்கை.

மண்டபத்தில் அறுந்த வழி

இந்நம்பிக்கைச் சங்கிலி மண்டபத்தில் அறுந்தது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஒரே கூரையில் வந்த உறுப்பு, கரையில் இறங்கி இரயிலையோ படகையோ நாட வேண்டியதாயிற்று. ஏற்றி இறக்கும் ஒவ்வோர் இடத்திலும் கூலி உண்டு, காத்திருப்பு உண்டு, உடைவும் உண்டு. நெடுவழியின் செலவைக் காட்டிலும் கைமாற்றத்தின் செலவே சுமையைக் கனக்கச் செய்தது. இராமேசுவரத்தில் விசைப்படகுகள் பெருகிய பின்னர் இக்குறை மேலும் உறைத்தது. சரக்குந்துகளுக்குரிய லேலண்டு என்ஜின்களே பல படகுகளிலும் பொருத்தப்பட்டமையால், படகுக்காரரும் அதே உறுப்புக் கடைகளையே நம்பியிருந்தனர். ஓர் உறுப்பு வர இரண்டு நாள் தாழ்ந்தால் படகு இரண்டு நாள் கரையில் கிடக்கும். அதில் தொழில் செய்வோர் அனைவரின் வீட்டு அடுப்பும் அத்தாமதத்தை உணரும்.

1964 டிசம்பர் 22, 23 நாள்களில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஓர் இரயிலையும் கடல் கொண்டது. பாம்பன் பாலத்தின் 146 கண்களுள் 126 கண்களின் உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இப்பொழுது பாலத்திற்கே உதிரி உறுப்பு தேவைப்பட்டது. புதிய உத்திரங்களைத் தொலைவிடங்களிலிருந்து தருவிக்க மாதங்கள் பல ஆகும் எனக் கருதப்பட்ட வேளையில், பழைய உத்திரங்கள் கடலடியில் கிடக்கின்றன என்னும் செய்தியை மீனவர்கள் தெரிவித்தனர். இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் அவற்றை மேலெடுத்துச் செப்பனிட்டுப் பொருத்தச் செய்து, 46 நாள்களில் பாலத்தை மீட்டார். நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டிய சுமையைக் காலடியிலேயே கண்டு காட்டியது கடலறிந்தோரின் அறிவு. ஸ்ரீதரனின் பெயரை நாடு அறியும்; செய்தி தந்த மீனவர்களின் பெயரை நூல்கள் அறியா.

சாலைப் பாலம்

பேருந்து வழித்தடங்கள் 1972இல் அரசுடைமையானபோது மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகமும், 1983இல் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகமும் தோன்றின. வண்டியின் நிறமும் பெயரும் மாறினும் கூரைச் சுமை தொடர்ந்தது. 1974இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ஆம் நாள் இராஜீவ் காந்தியால் திறந்துவைக்கப்பட்டது. 2,345 மீட்டர் நீளமுள்ள அப்பாலம் மண்டபத்தில் அறுந்திருந்த வழியை இணைத்தது. மதுரையில் கட்டிய கயிற்றை இராமேசுவரத்தில்தான் அவிழ்க்க வேண்டும் என்னும் நிலை அன்றுதான் பிறந்தது.

தீவு அடைந்த நன்மை பெரிது, ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கைமாற்றம் ஒழிந்தபோது அக்கைமாற்றத்தால் வாழ்ந்த கைகள் எங்குச் சென்றன? கரையில் சுமை தூக்கியோரும் படகு வலித்தோரும் பாலத் திறப்பு விழாவின் பேச்சுகளில் இடம்பெற்றவரல்லர். தடையை நீக்குவது முன்னேற்றம். அத்தடையை ஆண்டுக்கணக்கில் தம் தோளால் கடக்கச் செய்தோரை மறப்பது முன்னேற்றமாகாது.

பழைய சிக்கல் அண்மையில் ஒருமுறை திரும்பியும் வந்தது. பழுதுற்ற இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதும், இரயிலில் வந்தோர் கடலுக்கு இப்பாலேயே இறங்கிப் பேருந்தை நாடினர். முன்பு சாலையின் குறையை இரயில் தீர்த்தது. இப்பொழுது இரயிலின் குறையைச் சாலை தீர்த்தது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் செங்குத்துத் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளமும் 660 டன் எடையும் உடையது. அதனைப் பாலத்தின் மீதே சிறிது சிறிதாக நகர்த்தி உரிய இடத்தில் சேர்ப்பதற்கு மாதங்கள் ஆயின. எக்காலத்தும் இக்கரையில் அரிதாக இருந்தது சுமையின் கடைசிச் சில அடிகளே என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் 2022இல் தன் பேருந்துகளின் வெற்றிடத்தைப் பார்சலுக்கு முறையாக வாடகைக்கு விடத் தொடங்கியது. கண்ணளவு போய்க் கணக்கு வந்தது, நன்றே. ஆனால் கண்ணளவின் காலத்துச் சுமைச் சீட்டுகள், பட்டறைக் கணக்கேடுகள், மண்டபத்துச் சுமையாளர்களின் நினைவுகள் ஆகியவை நாள்தோறும் மறைந்துவருகின்றன. கல்வெட்டைப் படியெடுத்துக் காப்பது போலவே இவற்றையும் தேடித் தொகுத்தல் வேண்டும். 1212 தூண்களைக் கடல் கடத்தியோரின் பெயர்களை இழந்தோம். 126 உத்திரங்களைக் காட்டியோரின் பெயர்களையும் இழந்தோம். பேருந்துக் கூரையில் கியர்பாக்ஸை ஏற்றி, கரையில் இறக்கி, தீவில் சேர்த்தோருள் பலர் இன்றும் நம்மிடையே முதியோராக வாழ்கின்றனர். அவர்களைக் கேட்டு எழுதுதற்கு இன்னும் காலம் இருக்கிறது.