கம்பியில்லா மின்னேற்றத்தில் சுருள் அமைவும் பாதுகாப்பும்

மின்தூண்டல் மின்னேற்றத்தில் முதன்மைச் சுருள் உண்டாக்கும் மாறும் காந்தப்புலம், இடையில் கிடக்கும் நாணயம், சாவி, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் ஆகியவற்றிலும் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அவற்றைச் சூடாக்கும். அதனால் அயற்பொருளைக் கண்டறிவது பாதுகாப்புச் செயற்பாடாக எப்போதும் மதிக்கப்படுகிறது. சுருள்களை நேருக்கு நேர் நிறுத்துவதோ பயனாளரின் வசதிக்கும் மின்திறனுக்கும் உரியதாக மட்டும் எண்ணப்படுகிறது. இந்தப் பிரிவினை தவறானது. அயற்பொருளைக் கண்டறியும் முறைகளின் நம்பகத்தன்மை சுருள்களின் அமைவையே சார்ந்திருக்கிறது.

2008இல் தொடங்கப்பட்ட ஒயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் 2010இல் 5 வாட் திறனுக்கான கியூஐ தரநிலையை வெளியிட்டது. இதன்படி மின்னேற்றும் பலகை முதலில் ஒரு குறுந்துடிப்பை மட்டும் அனுப்பும். கைபேசி தன் சுமையை மாற்றி மாற்றி, அதே காந்தப் பிணைப்பின் வழியே விநாடிக்கு 2 கிலோபிட் வேகத்தில் பதிலளிக்கும். முறையான பதில் வராவிட்டால் மின்திறன் பாயாது. ஆகவே பலகையில் தனியே கிடக்கும் நாணயத்தால் ஆபத்தில்லை. கைபேசிக்கும் பலகைக்கும் நடுவே சிக்கிய நாணயமே ஆபத்து.

அதைப் பிடிக்க இருவழிகள் உண்டு. மின்திறன் பாயும் முன் சுருளின் தரக் காரணியை (அது எவ்வளவு குறைந்த இழப்போடு அதிர்கிறது என்பதன் அளவை) அளந்து, கைபேசி தெரிவிக்கும் மேற்கோள் மதிப்புடன் ஒப்பிடுவது ஒன்று. இடையில் உலோகம் இருந்தால் தரக் காரணி குறையும். மற்றொன்று இழப்புக் கணக்கு: பலகை அனுப்பிய திறனிலிருந்து கைபேசி பெற்றதாக அறிவிக்கும் திறனையும், இரு சாதனங்களுக்கும் இயல்பான இழப்புகளையும் கழித்தால் எஞ்சுவது அயற்பொருள் விழுங்கியதாகும்.

சிக்கல் அந்த ‘இயல்பான இழப்பு’ என்பதில் இருக்கிறது. சுருள்கள் விலகினால் பிணைப்புக் குணகம் குறையும். அதே திறனைக் கொடுக்க முதன்மைச் சுருளில் மின்னோட்டம் கூட வேண்டும். சுருள் கம்பியின் மின்தடையால் நேரும் செம்பிழப்போ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். சுருளுக்குப் பின்னால் புலத்தைத் தடுக்கும் ஃபெரைட் தகட்டைத் தாண்டிக் கசியும் புலம் கைபேசியின் சொந்த உலோகப் பாகங்களையும் சூடாக்கும். இந்த இழப்பைக் கணிப்பதில் நேரும் பிழை, இல்லாத நாணயத்தை இருப்பதாகக் காட்டலாம். இருக்கும் நாணயத்தை மறைத்தும் விடலாம். இரண்டாவதே கொடியது. 5 வாட்டில் 5 சதவீதக் கணக்குப் பிழை 0.25 வாட், 15 வாட்டில் அது 0.75 வாட். மெல்லிய உலோகத் துண்டு ஒன்றைத் தொட முடியாத சூட்டுக்குக் கொண்டுபோக வாட்டின் ஒரு பங்கே போதுமானதாகலாம். திறன் கூடக்கூட, சீரமைவு பாதுகாப்பின் நிபந்தனையாகவே மாறிவிடுகிறது.

சாதனத்தை எங்கும் வைக்கலாம் என்ற பல்சுருள் அமைப்புகள் கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்; வைக்கும் இடம் மாறுந்தோறும் இழப்பின் அடிப்படை மதிப்பும் மாறும். ஆப்பிள் 2017இல் அறிவித்த ஏர்பவர் பலகை இவ்வகையது. தன் தர அளவை அது எட்டவில்லை என்று கூறி 2019 மார்ச்சில் அந்நிறுவனம் அதைக் கைவிட்டது. அதே நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மேக்சேஃப் நேர் எதிரான வழியைத் தேர்ந்தது: சுருளைச் சுற்றிய காந்த வளையம் கைபேசியை ஒரே இடத்தில் பொருத்தும். 2023இல் வந்த கியூஐ2 இதையே பொதுத் தரமாக்கியது. இடம் நிலைத்தால் அடிப்படை இழப்பும் ஏறத்தாழ நிலைக்கும். அப்போது எச்சரிக்கை வரம்பை இறுக்கலாம். ஆனால் காந்தங்களும் புதிய கடமையைக் கொண்டுவந்தன. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இத்தகைய கைபேசியை 15 செ.மீ.க்கும், கம்பியில்லா மின்னேற்றத்தின்போது 30 செ.மீ.க்கும் அப்பால் வைக்கும்படி ஆப்பிளே அறிவுறுத்துகிறது.

மின் வாகனங்களில் இழப்புக் கணக்கு பயனற்றுப் போகிறது. எஸ்ஏஇ ஜே2954 தரநிலை 85 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் 11.1 கிலோவோல்ட்-ஆம்பியர் வரை அனுமதிக்கிறது. 11 கிலோவாட்டில் ஒரு சதவீதப் பிழையே 110 வாட். அதற்குள் ஒரு சோடா பாட்டில் மூடி எளிதில் ஒளிந்துகொள்ளும். ஆகவே தரைப் பலகையின் மேற்புறத்தில் தனி உணர்சுருள்களைப் பரப்பிச் சிறு உலோகத்தையும் நேரடியாகத் தேட வேண்டியிருக்கிறது. 25 செ.மீ. வரையிலான இடைவெளியில் பூனையோ குழந்தையின் கையோ புகக்கூடும் என்பதால், உயிருள்ளவற்றைக் கண்டறிவது தனிச் செயற்பாடாகிறது.

ஓட்டுநர் கண்ணால் பார்க்க முடியாத சுருளின் மேல் வாகனத்தை நிறுத்தியாக வேண்டும். அத்தரநிலைப்படி ஓடும் திசையில் 75 மி.மீ., குறுக்கே 100 மி.மீ. விலகலே ஏற்கப்படும். அதற்கு மேல் விலகினால் வாகனத்தின் அடிப்பகுதி புலத்தை முழுதும் மறைக்காது. கசிவு ஓரங்களில் நிற்பவரை எட்டும். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமான ஐசிஎன்ஐஆர்பியின் 2010 வழிகாட்டுதல் இவ்வதிர்வெண்ணில் பொதுமக்களுக்கு வகுத்த 27 மைக்ரோடெஸ்லா வரம்பு, வாகனம் நிற்கும் இடத்தைப் பொறுத்தே காக்கப்படுகிறது. ஆகவே வாகனத்தின் இடத்தைச் சரியாக அறிய வேண்டும். அதற்குக் கேமராவை நம்பினால், அதன் பார்வையைப் பனியும் சேறும் மறைக்கும். குறைதிறன் காந்தப்புலத்தைக் கொண்டு இடமறியும் முறைக்கு அந்தத் தடை இல்லை. இடம் உறுதியாகும் வரை முழுத்திறன் பாயாதபடி, இம்முறையின் விடையை மின்திறனைத் திறக்கும் தர்க்கத்தோடு பூட்டுவதே சரியான வடிவமைப்பு.