ரோசா க்ளெப்பைக் கொன்றது யார்?



நாவலைப் படமாக்கும்போது முடிவை மாற்றுவது வழக்கம்தான். சில மாற்றங்களில் அந்தக் காலத்து அரசியலும் தெரியும். ஜேம்ஸ் பாண்ட் கதையான 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' அதற்கு நல்ல உதாரணம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் பணியாற்றிய இயான் ஃபிளெமிங், 1957இல் இந்த நாவலை வெளியிட்டார். வில்லி ரோசா க்ளெப், சோவியத் 'ஸ்மெர்ஷ்' அமைப்பின் அதிகாரி. ஸ்மெர்ஷ் உண்மையிலேயே இருந்த அமைப்பு. ஸ்டாலின் காலத்தில் 1943இல் தொடங்கி, 1946இல் கலைக்கப்பட்டது. 'ஒற்றர்களுக்கு மரணம்' என்பது பெயரின் பொருள். கலைத்துப் பத்தாண்டு கழிந்தும் ஃபிளெமிங் கதையில் அது உயிரோடு இருந்தது. பனிப்போர் காலம் அல்லவா!

நாவலின் முடிவில், பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டலில் பின்னல் ஊசியோடு கிழவி வேடத்தில் இருக்கும் க்ளெப் பிடிபடுகிறாள். பிரெஞ்சு உளவாளிகள் கொண்டுபோகும் முன், காலணியில் மறைத்த விஷக்கத்தியால் பாண்டை உதைக்கிறாள். பாண்ட் தரையில் சாய, கதை முடிகிறது. அவள் செத்துப்போன செய்தி அடுத்த நாவலான 'டாக்டர் நோ'வில் போகிறபோக்கில் வருகிறது. அவ்வளவுதான்.

1963இல் வந்த படத்தில் க்ளெப்பாக நடித்தவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய லோட்டே லென்யா. இதில் க்ளெப் சோவியத்தை விட்டு 'ஸ்பெக்டர்' என்ற குற்றக் கும்பலில் சேர்ந்தவள். அந்தக் கும்பல் பிரிட்டனையும் ரஷ்யாவையும் மோதவிட்டு லாபம் பார்க்கிறது. வெனிஸ் ஹோட்டலில் பணிப்பெண் வேடத்தில் வந்து அதே கத்தியை நீட்டும் அவளை, பாண்ட் நாற்காலியால் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறான். சுட்டுக் கொல்வது, அவள் ஏமாற்றிப் பயன்படுத்திய ரஷ்யப் பெண் தத்யானா. நாவலின் அந்தக் காட்சியில் தத்யானா இல்லவே இல்லை.

முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. 1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் வெளியான படத்தில், ஆங்கிலேய நாயகனைக் காப்பாற்றுவது ஒரு ரஷ்யப் பெண்ணின் கை! நாவலில் ரஷ்ய அரசே வில்லன். படத்தில் ரஷ்யப் பெண்ணும் அந்த வில்லத்தனத்துக்குப் பலியானவள்.

எதிரி யார் என்பதைக் காலம் மாற்றி எழுதும். பிள்ளைகளே, இனி ஒரு படம் பார்த்தால், வில்லன் எந்த நாட்டுக்காரன், யார் கையால் சாகிறான் என்று கவனியுங்கள். படம் வந்த ஆண்டையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு வரலாற்றுப் பாடம்தான்.