டார்க் கன்வெர்ட்டர்: கப்பலில் இருந்து காருக்கு வந்த கதை

புனேயில் நம்மாட்கள் கார் வாங்கப் போனால் இப்போதெல்லாம் முதல் கேள்வி, "ஆட்டோமேட்டிக் இருக்கா?" என்பதுதான். ஹிஞ்சவாடி டிராஃபிக்கில் ஒரு மாதம் கிளட்ச் மிதித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே கார் பழசாகி கியர்பாக்ஸ் மக்கர் செய்தால், மொத்தமாக மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகையைச் சொல்வார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாததால் நாமும் தலையாட்டிவிடுவோம். அந்த உள்ளே இருக்கும் சாமானில் முக்கியமான ஒன்று டார்க் கன்வெர்ட்டர். (விலை குறைந்த ஏஎம்டி கார்களில் இது கிடையாது. அவற்றில் வழக்கமான கிளட்ச்தான். நம் காலுக்குப் பதில் ஓர் இயந்திரம் மிதிக்கிறது.)

இது காருக்காகப் பிறந்ததே இல்லை. 1900களின் தொடக்கத்தில் கப்பல்களுக்கு நீராவி டர்பைன் வந்தது. டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் லாபம். கப்பலின் புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால்தான் லாபம். நடுவில் கியர் போடலாம் என்றால், அவ்வளவு பெரிய சக்தியைத் தாங்கும் பல்சக்கரங்களைத் துல்லியமாக வெட்டும் திறமை அப்போது வளர்ந்திருக்கவில்லை. ஸ்டெட்டின் நகரின் வுல்கான் கப்பல் கட்டும் தளத்தில் (இன்றைக்கு அது போலந்தில் இருக்கிறது) வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். டர்பைன் ஒரு பம்பைச் சுற்றட்டும், பம்பு தள்ளும் தண்ணீர் இன்னொரு சக்கரத்தைச் சுற்றட்டும். இரண்டையும் குழாய் வைத்து இணைத்தால் சக்தி வீணாகும் என்பதால், ஒரே கூட்டுக்குள் எதிரெதிரே வைத்தார். 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அவருடைய சாமர்த்தியம் மூன்றாவது சக்கரத்தில் இருக்கிறது. பம்புக்கும் டர்பைனுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் இலைகள், ஸ்டேட்டர் என்பார்கள். திரும்பி வரும் திரவத்தை அது திசை மாற்றி அனுப்புவதால்தான் முறுக்கு விசை பெருகுகிறது. அது இல்லாவிட்டால் கொடுத்த விசை அப்படியே மறுபக்கம் போகும், கூடாது. அந்த வகைக்கு ஃப்ளூயிட் கப்ளிங் என்று பெயர்.

பெரிய கியர் வெட்டும் தொழில்நுட்பம் சில வருடங்களிலேயே முன்னேறிவிட, கப்பலில் இந்தக் கண்டுபிடிப்புக்கு வேலை குறைந்தது. ஆனால் தரையில் பிழைத்துக்கொண்டது. லண்டன் பேருந்துகள் குலுங்கிக் குலுங்கிக் கிளம்புவதைப் பார்த்த ஹரால்ட் சின்க்ளேர், கப்ளிங்கை வாகனத்துக்குக் கொண்டுவந்தார். 1930இல் டைம்லர் அதைக் காரில் வைத்தது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலுக்கு வந்த ஹைட்ராமேட்டிக்கிலும் கப்ளிங்தான். ஸ்டேட்டரோடு கூடிய நிஜமான கன்வெர்ட்டர் அமெரிக்கக் கார்களுக்கு வந்தது 1948இல், ப்யூக் டைனாஃப்ளோவில். அதற்கு முன் ப்யூக், போருக்காக எம்-18 ஹெல்கேட் என்ற டாங்கி அழிப்பு வண்டியைக் கட்டியிருந்தது. அதில் பழகிய கைதான்.

நம் நாட்டுக் கார்களில் இது பரவலாவதற்கு வெகுகாலம் முன்பே நம் ரயில்வே இதில் இறங்கிவிட்டது. ரயில்வே பொறியாளர் மன்மோகன் சூரி, புறப்படும்போது கன்வெர்ட்டர், வேகம் பிடித்ததும் கப்ளிங் என்று இரண்டையும் சேர்த்து டீசல் எஞ்சினுக்கு ஒரு டிரான்ஸ்மிஷன் உருவாக்கினார். 1961இல் பத்மஸ்ரீ, 1962இல் பட்நாகர் விருது. துர்காபூரில் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்து ஸ்வராஜ் டிராக்டரையும் உருவாக்க வைத்தவர் அவர்தான். 1960களின் பிற்பகுதியில் சித்தரஞ்சனில் கட்டத் தொடங்கிய டபிள்யூடிஎஸ்-4 ஷண்டிங் எஞ்சின்களில் 'சூரி டிரான்ஸ்மிஷன்' ஓடியது. யார்டில் பெட்டிகளைத் தள்ளித் தள்ளி நகர்த்தும் எஞ்சின், நாம் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

நான் பார்த்ததும் தற்செயலாகத்தான். என் காரின் கியர்பாக்ஸ் எண்ணெய் கசிய, பக்கத்து ஒர்க்ஷாப்பில் இறக்கினார்கள். முதலாளியின் அப்பா, டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் காகா. ஃபிளெக்ஸ் பிளேட்டிலும் கன்வெர்ட்டரிலும் பெயின்ட்டால் அடையாளம் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்ற வைத்தார். கன்வெர்ட்டர் கீழே விழாதபடி கட்டி, கியர்பாக்ஸோடு சேர்த்தே இறக்கினார்கள்.

சீல் மாற்றித் திரும்ப மாட்டும்போதுதான் பாடம். கன்வெர்ட்டரைத் தள்ளிக்கொண்டே சுற்ற வேண்டும். டர்பைன் பல், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டில் உட்காரணும். ஸ்டேட்டர் பல், அசையாத குழாயில் உட்காரணும். கழுத்தின் காடி, எண்ணெய் பம்பில் உட்காரணும். பையன் கையை எடுத்ததும் காகா ஸ்கேலை வைத்து ஆழம் அளந்தார். "இன்னும் ஒண்ணு உட்காரலை" என்றார் ஹிந்தியில். இன்னும் கொஞ்சம் சுற்றியதும் 'டக்'கென்று உள்ளே போனது. அப்படியே விட்டு போல்ட்டை முறுக்கியிருந்தால் எண்ணெய் பம்பு உடைந்திருக்கும். வண்டியில் ஏற்றிய பிறகும் கன்வெர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் சின்ன இடைவெளி இருக்கிறதா, கையால் சுற்றினால் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே போல்ட் போட விட்டார்.

எங்கே கற்றீர்கள் என்றேன். "சூரி" என்றார். அந்த ஒர்க்ஷாப்பில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. எனக்கும்தான், வீட்டுக்கு வந்து தேடும்வரை.

மொத்தமாக மாற்றச் சொன்னால் சட்டென்று சரி என்று சொல்லாதீர்கள். கன்வெர்ட்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா, சீலா பம்பா எது போயிருக்கிறது என்று கேளுங்கள். மாட்டும்போது ஆழம் அளப்பீர்களா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியைக் கொடுங்கள்.