கள்வனும் காவலனும்: ‘மூன்றாம் லூப்பான்’ சித்திரக்கதை பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

வெகுசன வாசிப்புக்குரிய படைப்புக்களை ஆராய்ச்சிக்கு உகந்தனவல்ல என ஒதுக்கும் மனோபாவம் நம் கல்வியுலகிலிருந்து முற்றாக அகன்றுவிட்டதெனக் கூறமுடியாது. யப்பானிய சித்திரக்கதையான ‘மூன்றாம் லூப்பான்’ அம் மனோபாவத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுவதாகும். 1967 ஆகஸ்டில் ‘மங்கா அக்ஷன்’ வார இதழ் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இதழிலேயே இத்தொடரும் வெளிவரலாயிற்று. ஹொக்கைடோவிற் பிறந்த கதோ கசுஹிகோ (1937–2019), ‘மங்கி பஞ்ச்’ என்னும் புனைபெயரில் இதனை வரைந்தார். அமெரிக்க ‘மாட்’ சஞ்சிகையின் கேலிச்சித்திர முறையும் ஜேம்ஸ் பொண்ட் திரைப்படங்களும் அவரைப் பெரிதும் பாதித்திருந்தன. யப்பானைக் களமாகக் கொண்ட பொண்ட் படமொன்று அதே 1967இல் வெளியாயிற்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. உளவுக்கதையின் சூழ்ச்சிகளும் கள்வன்கதையின் சாகசங்களும் நகைச்சுவையில் ஒன்றுகலந்தமைக்கு இதுவே பின்புலமாகும்.

கதாநாயகன், பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் லெப்ளாங் 1905இற் படைத்த ஆர்சேன் லூப்பான் என்னும் கனவான் கள்வனின் பேரன். லெப்ளாங்கின் அனுமதி பெறப்படாமலே பாட்டனின் பெயர் எடுத்தாளப்பட்டது. எனினும் லெப்ளாங் தாமும் இவ்விடயத்தில் தூயவரல்லர். ஷேர்லொக் ஹோம்ஸைத் தம் கதையுள் இழுத்துவந்து, கொனன் டொயிலின் ஆட்சேபம் எழுந்ததும் எழுத்துக்களை இடம்மாற்றி ‘ஹேர்லொக் ஷோல்ம்ஸ்’ எனப் பெயரிட்டவர் அவர். யப்பானிலும் 1930இல் தொடங்கிய ‘பொன் முகமூடி’ நாவலில், எடொகாவா ரம்போ தம் துப்பறிவாளரை லூப்பானுடனேயே மோதவிட்டார். கள்வன் பாத்திரமே எழுத்தாளரிடையே களவுபோய்க்கொண்டிருந்தது! இச்சிக்கலின் விளைவாக, பிரான்சில் தொலைக்காட்சித் தொடராகக் காட்டப்பட்டபோது, கதாநாயகனுக்கு அவன் தாயகத்திலேயே ‘எட்கார்’ என்னும் மாற்றுப்பெயர் சூட்டவேண்டியதாயிற்று.

எதிர்த்தலைவனின் வமிசாவளி இதனினும் பொருள்செறிந்தது. இன்ரர்போலைச் சார்ந்த இன்ஸ்பெக்டர் செனிகத்தா, நொமுரா கொதோ 1931 முதல் எழுதிய கதைகளின் நாயகனான செனிகத்தா ஹெய்ஜியின் வழித்தோன்றலாகப் படைக்கப்பட்டுள்ளார். எடோக் காலத்துக் கீழ்நிலைக் காவலனான ஹெய்ஜி வாடகை வீட்டில் வாழும் ஏழை. நாணயங்களை எறிந்து குற்றவாளிகளை மடக்குபவன். குற்றத்தின் பின்னேயுள்ள துயரத்தைக் கண்டு குற்றவாளியைத் தப்பவிடுவதும் அவனது இயல்பு. 1966 முதல் அக்கதைகள் தொலைக்காட்சியில் வாரந்தோறும் காட்டப்பட்டுவந்தமையால், வாசகருக்கு நகைச்சுவை உடனே புலப்பட்டிருக்கும். மூதாதையன் விட்டுவிடுவான், வாரிசோ விடவே மாட்டான். அயலவரை அறிந்து நீதி வழங்கிய காவலனின் இடத்தில், சர்வதேச நிறுவனமொன்றின் கட்டளைக்குட்பட்ட சம்பள உத்தியோகத்தன் வந்து நிற்கிறான். பொருளாதாரத் துரிதவளர்ச்சிக் காலத்து யப்பானில், நிறுவன விசுவாசத்தையே வாழ்வாகக்கொண்ட நடுத்தர வர்க்கத்தினர் செனிகத்தாவின் ஓட்டத்தில் தம்மைக் கண்டு சிரித்தனர் எனக் கொள்வது தவறாகாது.

ஆயின் இதனை அதிகாரத்துக்கெதிரான கலகக்குரல் எனக் கொண்டாடுவதற்குத் தயக்கம் வேண்டும். லூப்பான் செல்வரிடம் திருடுகிறான். வறியோருக்கு வழங்குவதைத் தன் கடமையாகக் கருதுபவனல்லன். சொத்துடைமையை அவன் ஏளனஞ் செய்கிறானேயன்றி மறுக்கவில்லை. பெண்களை அவன் நடத்தும் முறை, குறிப்பாக ஆரம்ப அத்தியாயங்களில், நகைச்சுவை என்ற போர்வையில் நியாயப்படுத்தப்படக்கூடியதன்று. தோழியாகவும் துரோகியாகவும் மாறிமாறி வரும் மினே புஜிகோ ஒருத்தியே அவனை அடிக்கடி வெல்பவள் என்பது இக்குறையை ஓரளவே ஈடுசெய்கிறது.

1971இல் தொடங்கிய முதல் தொலைக்காட்சித் தொடர் போதிய பார்வையாளரைப் பெறாது 23 அத்தியாயங்களுடன் நின்றது. இடையிலே நெறியாள்கையை ஏற்றவர்கள் மியாசாகி ஹயாவோவும் தகஹாத்தா இசாவோவும் ஆவர். இருவரும் தோயெய் நிறுவனத் தொழிற்சங்கத்தில் முன்னின்றவர்கள். 1979இல் மியாசாகி நெறிப்படுத்திய ‘கலியோஸ்த்ரோவின் கோட்டை’ திரைப்படத்தில் கள்வனின் முரட்டுத்தனம் தணிந்துவிடுகிறது. காவலனின் நிலையோ கூர்மையடைகிறது. சிற்றரசொன்றில் கள்ளநோட்டு அச்சிடப்படுவதைச் செனிகத்தா கண்டறிந்து முறையிடுகிறார். தத்தம் அரசுகளின் நலன்கருதி இன்ரர்போல் பிரதிநிதிகள் வாளாவிருக்கின்றனர். ஈற்றில், லூப்பானைத் துரத்துவதுபோல் பாசாங்கு செய்து, தொலைக்காட்சிக் கமராவின் முன்னே அச்சுக்கூடத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவராக நடிக்கிறார். சட்டத்தின் ஊழியன் தன் கடமையை நிறைவேற்றக் கள்வன் ஒருவனின் பெயரைச் சாட்டாகக் கொள்ளவேண்டியிருக்கிறது.