கொள்ளிடம்: காவிரியின் வெள்ள வடிகால்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், தாய் ஆற்றைவிடத் தாழ்ந்த படுகையைக் கொண்டிருப்பதால், பெருமழைக் காலத்து மிகைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வடிகாலாக நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளது. கரிகாலனோடு மரபு இணைத்துப் பேசும் கல்லணையும், பாசனத்துக்கு நீரைத் திருப்பியதோடு, மிகுந்த வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளித் தஞ்சை வயல்களைக் காத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணலேறி மேடாக, நீர் கொள்ளிடத்தையே நாடியது. அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையை எழுப்பினார். அது பாசனச் சிக்கலைத் தீர்த்ததே தவிர, வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதை 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பேரழிவு கடுமையாகவே உணர்த்தியது.

அத்தகைய தேக்கும் ஆற்றல் கொண்டது, காவிரியின் மேற்பகுதியில் 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை. அது 120 அடி மட்டத்தில் 93.47 டி.எம்.சி. நீரைக் கொள்ளும்; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆனால் மட்டம் நிறைந்தபின் வரும் நீரெல்லாம் பதினாறு கண் மதகு எனப்படும் உபரிநீர்ப் போக்கி வழியே வெளியேற்றப்படுவதால், நிறைந்த அணையால் கீழ்க்கரை ஊர்களுக்குக் கிட்டும் காப்பு மிகக் குறைவே. ஆகவே வருவாய்த் துறையின் முன்னெச்சரிக்கை அங்கு அணைக்கு இணையான முக்கியத்துவம் பெறுகிறது. மேட்டூர் நிறைந்து அவ்வாறு வெளியேற்றப்பட்ட வெள்ளத்தில்தான் 2018 ஆகஸ்டில் முக்கொம்புக் கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பின்னர் அங்குப் புதிய கதவணை கட்டப்பட்டது.