திங்கள் எழுதல்

'சன்ரைஸ்' என்னும் ஆங்கிலச் சொல் கதிரவன் எழுதலைக் குறிப்பதை நீங்கள் அறிவீர்கள். அதனோடு உடன்பிறந்தாற்போன்ற மற்றொரு சொல் 'மூன்ரைஸ்' என்பது. திங்கள் எழுதல் என்று அதனைத் தமிழில் கூறலாம். வடமொழி வழக்கில் சந்திரோதயம் எனலாம். உசிலம்பட்டி வட்டாரத்தின் வரலாற்றில் மறக்கலாகாத ஒரு மாலைப் பொழுதை உணர்வதற்கு இச்சொல்லே எனக்குத் துணை நின்றது. ஆதலின் அதனைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

இச்சொல்லுக்குப் பொருள் இரண்டு. திங்கள் அடிவானத்துக்கு மேல் தோன்றும் நிகழ்ச்சி ஒன்று; அது தோன்றும் நேரம் மற்றொன்று. திங்களின் மேல் விளிம்பு அடிவானத்தைத் தொட்டு வெளிப்படும் கணத்தையே வானியலார் இச்சொல்லால் குறிக்கின்றனர். கிழக்கே குன்றோ தோப்போ மறைத்தால், நம் கண்ணுக்குத் தோன்றும் நேரம் சற்றுப் பிந்தும்.

இச்சொல்லை ஆள்வதில் மாணவர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். மாலையில் மேற்கு வானில் மூன்றாம் பிறை தெரிந்ததும் அதனை 'மூன்ரைஸ்' என்று எழுதிவிடுகின்றனர். அது பொருந்தாது. அப்பிறை காலையிலேயே கிழக்கில் எழுந்துவிட்டது. பகலொளியில் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை. மாலையில் நாம் காண்பது மறையப்போகும் பிறையை. பிறை காணுதல் வேறு. திங்கள் எழுதல் வேறு.

திங்கள் எழும் நேரம் நாள்தோறும் பிந்திக்கொண்டே செல்லும். சராசரியாக அது ஐம்பது நிமிடம்; நம் முன்னோர் கணக்கில் ஏறத்தாழ இரண்டு நாழிகை. அமாவாசையன்று திங்கள் கதிரவனோடு எழும். வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டி நண்பகலில் எழும். முழுமதி நாளில் கதிரவன் மறையும் வேளையில் எழும். தேய்பிறை எட்டாம் நாளை ஒட்டி நள்ளிரவில் எழும். கடிகாரம் இல்லாத சிற்றூரில் திதியை அறிந்தவன் இரவின் நேரத்தையும் அறிந்தான். களத்தில் நெல்லைக் காத்தவனுக்கும், விடியுமுன் வண்டி பூட்டியவனுக்கும் வானமே கடிகாரம் ஆயிற்று.

அந்த வானத்தின்கீழ் தம் விருப்பம்போல் நடமாடும் உரிமையை ஒரு மக்கட் கூட்டமே இழந்திருந்த காலம் உண்டு. ஆங்கில அரசு 1871-இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது சென்னை மாகாணத்துக்கும் பரவியது. உசிலம்பட்டிப் பகுதியில் வாழ்ந்த பிறமலைக் கள்ளர் மீதும் அது பாய்ந்தது. குற்றம் செய்தவன் என்று மெய்ப்பிக்கப்படாதவனும், பிறந்த குலத்தின் பெயரால் கைரேகை பதிக்க வேண்டியவன் ஆனான். மக்கள் அதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். பதிவேட்டில் பெயர் ஏறிய ஆடவர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ சென்று படுக்க வேண்டியிருந்தது. மனைவி மக்களோடு தம் வீட்டு முற்றத்தில் இருந்து நிலவைக் காணும் எளிய இன்பமும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

இதனை எதிர்த்து நின்ற ஊர்களுள் ஒன்று பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் அங்கே காவலர் துப்பாக்கியால் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தனர்.

அந்த இரவு இருளிரவா, நிலவிரவா? இவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது. விடை காண வழி உண்டு. 1920 மே 3-ஆம் நாள் முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. சந்திர கிரகணம் முழுமதி நாளில் மட்டுமே நிகழும். ஒரு முழுமதியிலிருந்து அடுத்த முழுமதி வரை சற்றேறக்குறைய இருபத்தொன்பதரை நாள். மே 3-இலிருந்து அத்தனை நாள் பின்னே சென்றால் நாம் வந்து நிற்பது ஏப்ரல் 3. ஆம், அது பங்குனி முழுமதி நாள்! கதிரவன் மேற்கே மறைந்த வேளையில் கிழக்கே முழுத் திங்கள் எழுந்திருக்க வேண்டும். பதினாறு பேரை இழந்த ஊரின் மேல் இரவு முழுவதும் அது நின்றிருக்க வேண்டும்.

பல தலைவர்களும் பொதுமக்களும் தொடர்ந்து போராடியதன் பயனாக 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1952-இல் இந்தியா முழுவதும் அது ஒழிந்தது.

நண்பர்களே! அகராதி ஒரு சொல்லின் பொருளை ஒரே வரியில் கூறிவிடுகிறது. அச்சொல் குறிக்கும் நிகழ்ச்சி எவர் தலைக்கு மேல், எந்நாளில் நிகழ்ந்தது என்று ஆராய்வது நம் கடமை. அடுத்த பங்குனி முழுமதியன்று மாலை கிழக்கு நோக்கி நில்லுங்கள். அன்று எழும் திங்கள் உங்களுக்குப் பெருங்காமநல்லூரையும் நினைவூட்டட்டும்.