‘கோரம்’ என்னும் சொல்லும் கிளஸ்டரின் வம்சாவளியும்

விண்டோஸ் சர்வரில் உள்ள கிளஸ்டர் அமைப்பு எங்கிருந்து வந்தது என்று வினவினால், அது வி.எம்.எஸ். என்னும் பழைய இயங்குதளத்தின் பிதிரார்ஜிதம் என்று விடை கூறுவது வழக்கமாகிவிட்டது. இவ்விடைக்கு மூலபலமாக நிற்பது, 1998 டிசம்பரில் ‘விண்டோஸ் என்.டி. மாகஸின்’ இதழில் மார்க் ருசினோவிச் எழுதிய கட்டுரை. அக்கட்டுரையின் முதன்மையான பொருள் கர்னலின் அமைப்பே. ஆயினும் அதன் வழிமுறையைப் பின்பற்றுவோர் கர்னலுக்குக் கிடைத்த தீர்ப்பைக் கிளஸ்டருக்கும் டைரக்டரிக்கும் நீட்டி, விண்டோஸ் சர்வர் முழுவதையும் ஒரே வம்சத்தில் சேர்த்துவிடுகின்றனர். இந்நீட்சி பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ருசினோவிச்சின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. டிஜிடல் நிறுவனத்தில் வி.எம்.எஸ்.ஸை வகுத்தவர்களுள் தலையாயவரான டேவ் கட்லர் 1988 அக்டோபரில் மைக்ரோசாப்டை அடைந்தார். அவரோடு பழகிய பொறியாளர் சிலரும் உடன் வந்தனர். 1993 ஜூலையில் அவர்கள் வகுத்த விண்டோஸ் என்.டி. 3.1 வெளிவந்தது. இவ்விரு இயங்குதளங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், இரண்டிலும் 0 முதல் 31 வரை முப்பத்திரண்டு முன்னுரிமைப் படிகள் இருப்பதையும், அவற்றுள் 16 முதல் மேலுள்ளவை காலந்தவறாது நிகழவேண்டிய பணிகளுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதையும், சாதனங்களை நோக்கிச் செல்லும் வேண்டுகோள் இரண்டிலும் ஐ.ஆர்.பி. என்ற ஒரே பெயருடைய பொட்டலமாகப் பயணம் செய்வதையும், ஒவ்வொரு பிராசஸுக்கும் உரிய நினைவகப் பங்கு இரண்டிலும் ‘வொர்க்கிங் செட்’ என்றே வழங்குவதையும் கண்டு, இவை தற்செயலான ஒற்றுமைகள் அல்ல என்று தெளிவார். இவ்வளவில் எமக்கும் ஆக்ஷேபம் இல்லை.

ஆக்ஷேபம் அவ்வழிமுறையின் அடியில் இருக்கும் அநுமானத்தைப் பற்றியது. பெயரும் அமைப்பும் ஒத்திருந்தால் பிறப்பும் ஒன்றே என்பது அவ்வநுமானம். மனிதர் இடம்பெயர்ந்த சரித்திரமும் துணைநிற்பதால் கர்னலின் விஷயத்தில் அது பலித்தது. ஆனால் ஓர் ஊரில் இருவருக்குச் சுப்பிரமணியன் என்று பெயர் இருப்பதைக் கொண்டு இருவரும் பங்காளிகள் என்று சொல்லிவிட முடியாது. பட்டாவை எடுத்துப் பார்க்கவேண்டும். கிளஸ்டரின் விஷயத்தில் இரு மரபுகளுக்கும் பொதுவான பெயர்களுள் முதன்மையானது ‘கோரம்’. ஒரு கூட்டம் செல்லுபடியாவதற்குக் குறைந்த அளவு எத்தனைபேர் வரவேண்டுமோ அதனைக் கோரம் என்று நம் ஊராட்சி மன்றங்களிலும் வழங்குகிறோம். இச்சொல் வி.எம்.எஸ்.ஸிலும் உண்டு, விண்டோஸிலும் உண்டு. இதுவே வம்சத்துக்குப் பிரமாணம் என்று கொள்வோர், அச்சொல் இரண்டிடத்தும் ஒரே பொருளைத் தந்ததா என்று கேட்கவில்லை.

முதலில் வி.எம்.எஸ். அதன் கிளஸ்டருக்கு ஆண்டு குறிப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. டிஜிடல் நிறுவனம் வாக்ஸ்கிளஸ்டரை அறிவித்த 1983ஐச் சிலர் கொள்வர், வி.எம்.எஸ். நான்காம் பதிப்பு வெளிவந்த 1984ஐச் சிலர் கொள்வர். கிரோனன்பர்க், லெவி, ஸ்டிரெக்கர் ஆகிய மூவர் அதன் அமைப்பை அறிஞர் உலகுக்கு விளக்கிக் கட்டுரை எழுதியதோ 1986 மே மாதத்தில். அறிவிப்பையும் ஆட்சிக்கு வந்ததையும் வேறு வேறாகக் கருதுவோர் எந்த ஆண்டையும் தவறென்று கூற இயலாது. ஆதலால் எண்பதுகளின் முற்பாதி என்று நிறுத்திக்கொள்கிறேன். வினாடிக்கு 70 மெகாபிட் செல்லும் இணைப்பில், நட்சத்திர இணைப்பியைச் சுற்றி அமைந்த கணினிகள் யாவும் ஒரே வட்டுகளை ஒரே சமயத்தில் திறந்து எழுதும் உரிமை பெற்றிருந்தன என்பதும், அவை ஒன்றையொன்று அழித்துவிடாதபடி காத்தது ‘லாக் மானேஜர்’ என்னும் பூட்டு நிர்வாகி என்பதும் யாவரும் அறிந்தவை. அம்மூவருள் கட்லர் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துச் செல்கிறேன். இது வலுவான ஆதாரம் அன்றாயினும், கர்னலோடு வந்த கைகள் கிளஸ்டரையும் கொண்டுவந்தன என்று கொள்வோர் விடை சொல்லவேண்டிய செய்தி.

அங்கே கோரம் என்பது எண்ணிக்கை. கிளஸ்டரில் சேர்ந்த கணினியாகிய ஒவ்வொரு கணுவுக்கும் வாக்கு உண்டு. எதிர்பார்க்கப்படும் மொத்த வாக்குகளோடு இரண்டைக் கூட்டி, இரண்டால் வகுத்துப் பின்னத்தை விட்டுவிட்டால் வருவதே கோரம். மூன்று வாக்குக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று, இரண்டு வாக்கே உள்ள இடத்தில் இரண்டும் வேண்டும். வாக்கு குறைந்தால் என்ன நிகழும் என்பதைத் தெரிவிக்கும் ஒரு வரி, இயக்குநர் முனையத்தில் தோன்றும். கோரம் இழக்கப்பட்டது, செயல் தடுக்கப்படுகிறது என்பது அவ்வரியின் கருத்து. இதனையே யான் இவ்வாராய்ச்சிக்குரிய சாசனமாகக் கொள்கிறேன்.

இச்சாசனத்தின் பொருளைப் பிரத்தியட்சமாகக் காணவேண்டி, பழைய வாக்ஸ் இயந்திரத்தை நடித்துக்காட்டும் நிரல் ஒன்றினால் என் மேசைமேல் இரண்டு கணுக்களை அமைத்து, ஆளுக்கொரு வாக்கு அளித்து, ஒன்றின் உயிரை முன்னறிவிப்பின்றி நிறுத்தினேன். சில வினாடிகளில் மற்றதன் முனையத்தில் மேற்கூறிய வரி விழுந்தது. நேரம் கேட்கும் ‘ஷோ டைம்’ என்ற சிறு கட்டளையைத் தட்டினேன், விடை இல்லை. பிழைச்செய்தியும் இல்லை. தேநீர் அருந்திவிட்டு வந்தும் அதே மௌனம். பின்னர் நிறுத்திய கணுவை மறுபடி தொடங்கி, அது கூட்டத்தில் வந்து சேர்ந்ததும், கோரம் மீண்டது, செயல் தொடர்கிறது என்ற வரி தோன்ற, அதுவரை தொண்டையில் நின்ற விடை அடுத்த கணமே வெளிவந்தது. ஒன்றும் சாகவில்லை, ஒன்றும் மறக்கப்படவில்லை, உறைந்து நின்றவை உருகி நடந்தன, அவ்வளவே. கிளஸ்டர் அங்கே இயங்குதளத்தின் மேல் போர்த்திய மேலாடையன்று, அதன் உடலே என்பதை இம்மௌனம் விளக்குகிறது. கோரம் போனால் பிராசஸ்கள் யாவும் நிற்பது, அதனைக் காப்பது கர்னலின் உள்ளேயே இருப்பதனால்தான்.

இனி விண்டோஸ். மைக்ரோசாப்டின் கிளஸ்டர் சர்வர், ‘வுல்ஃப்பாக்’ என்ற புனைபெயரோடு வளர்ந்து, என்.டி. 4.0 எண்டர்பிரைஸ் பதிப்புக்கு உரியதாக 1997இல் இரண்டு கணுக்களோடு வெளிவந்தது. நிகழ்ச்சிப் பதிவேட்டில் 1177 என்ற எண்ணோடு தோன்றும் குறிப்பு அதன் சாசனம். இக்குறிப்புக்கு இரண்டு பாடங்கள் இருப்பதை இதுகாறும் எவரும் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை. விண்டோஸ் சர்வர் 2003 காலத்துப் பாடம், உறுப்பினரை நிர்ணயிக்கும் பகுதி கோரச் சாதனத்துக்கான வழக்கில் தோற்றமையால் கிளஸ்டர் சேவை நின்றுவிடுகிறது என்று கூறும். 2008ஆம் பதிப்பின் பாடமோ, கோரம் இழக்கப்பட்டதால் கிளஸ்டர் சேவை நின்றுவிடுகிறது என்று சுருங்க உரைக்கும். எண் ஒன்றே, விளைவும் ஒன்றே. இடையில் நிற்கும் ஒரு சொல்லின் பொருள்தான் தலைகீழாக மாறியது.

முற்பாடத்தில் கோரம் என்பது ஒரு பொருள். கையால் தொடத்தக்க ஒரு வட்டு. இரு கணுக்களும் ஒன்றையொன்று காணாதொழிந்தால், அவ்வட்டை ஒதுக்கிக்கொள்ளும் உரிமையை உடையவன் சில வினாடிக்கொருமுறை புதுப்பிப்பான். எதிர்ப்பவன் அவ்வொதுக்கீட்டைக் கலைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்து, உடையவன் மீண்டு வராவிட்டால் தானே எடுத்துக்கொள்வான். இங்கே தலையெண்ணுவதற்கே இடமில்லை. வட்டு எவன் வசமோ அவனே கூட்டம். தனியொருவன் நின்றாலும் கூட்டமே. எல்லாரும் வந்திருக்கிறார்களா என்று பார்க்கும் சபைக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. வி.எம்.எஸ்.ஸிலும் ‘கோரம் வட்டு’ என்ற ஒன்று இருந்ததே எனலாம். இருந்தது, ஆனால் அது வாக்காளருள் ஒரு வாக்காளன், நீதிபதியன்று. இரண்டு கணுவும் வட்டும் சேர்ந்து மூன்று வாக்கு, ஒரு கணு போனாலும் வட்டோடு சேர்த்து இரண்டு வாக்கு எஞ்சும், சபை தொடரும்.

விளைவைக் குறிக்கும் வினையும் நோக்கத்தக்கது. வி.எம்.எஸ். செயலைத் தடுக்கிறது; விண்டோஸ் சேவையை நிறுத்துகிறது. தோற்ற கணு தன் கிளஸ்டர் சேவையை மட்டும் முடித்துக்கொண்டு, தனிக்கணினியாகத் தொடர்ந்து உயிர்வாழ்கிறது. ஏனெனில் கிளஸ்டர் அங்கே ஏனைய சேவைகளைப்போல் கர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு சேவை. ஒரே தாயின் பிள்ளைகள் இப்படி ஒன்று உறைவதும் ஒன்று விலகுவதுமாக வளர்ந்திருக்க முடியாது என்று அறுதியிடேன். ஆனால் அப்படி வளர்ந்தார்கள் என்போர்தாம் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்.

அவ்வாறாயின் தாய் யார்? வெர்னர் வோகல்ஸும் உடனாசிரியரும் மைக்ரோசாப்ட் கிளஸ்டரைப் பற்றி 1998இல் வெளியிட்ட அமைப்பு விளக்கக் கட்டுரையே, கிளஸ்டரின் பதிவுகளை எல்லாக் கணுக்களிலும் ஒரே வரிசையில் மாற்றும் ‘குளோபல் அப்டேட்’ என்னும் நெறிமுறையை, டாண்டம் நிறுவனத்தில் ரிச்சர்ட் கார் 1985இல் வருணித்த நெறிமுறையோடு இணைக்கிறது. டாண்டம் 1974இல் தோன்றி, 1976இல் ‘நான்ஸ்டாப்’ இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்த நிறுவனம். செயலகம் ஒவ்வொன்றும் தன் நினைவகத்தைத் தானே வைத்துக்கொண்டு, பகிர்வு எதுவுமின்றிச் செய்தியால் மட்டும் பேசுவது அதன் கொள்கை. விண்டோஸ் கிளஸ்டரில் ஒரு வட்டுக்கு ஒரு நேரத்தில் ஓர் உடைமையாளனே என்றிருந்த அந்நாளைய விதி, பலரும் ஒருங்கே எழுதும் வாக்ஸ்கிளஸ்டரைவிட இக்கொள்கைக்கே நெருங்கியது.

இங்கே எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தையும் சொல்லவேண்டும். அக்கட்டுரையின் ஆசிரியருள் ஒருவரான ஜிம் கிரே டாண்டமிலும் இருந்தவர், பின்னர் டிஜிடலிலும் இருந்தவர். வுல்ஃப்பாக் வளர்ந்த நாளில் மைக்ரோசாப்டோடு கைகோத்த நிறுவனங்களுள் டாண்டமும் டிஜிடலும் இரண்டுமே உண்டு. எனவே ஒரே வாய்க்காலில் இரு ஆற்று நீரும் கலந்திருக்கக்கூடும். நீரைப் பிரித்துக் காட்ட வல்லேன் அல்லேன். டாண்டமின் சுவை மிகுதி என்பதே என் அபிப்பிராயம்.

டைரக்டரியின் விஷயத்தில் வம்சவாதம் இன்னும் தளர்கிறது. வி.எம்.எஸ்.ஸின் பூட்டு நிர்வாகிக்குள்ளேயே ஒரு டைரக்டரி இருந்தது என்பது பலர் கவனியாத நுட்பம். ஒரு பொருளைப் பூட்ட விரும்பும் கணு, அப்பொருளின் பெயரைக் கணக்கிட்டு, அப்பெயருக்குப் பொறுப்பான கணு எது என்று அறிந்து அதனிடம் கேட்கும். அக்கணு, நானே இதற்கு அதிபதி என்றோ, அதிபதி இன்னார் என்றோ, அதிபதி எவரும் இல்லை, நீயே ஆகுக என்றோ மூன்றிலொரு விடை தரும். பெயரேடு கிளஸ்டரின் வயிற்றுக்குள் இருந்தது. கிளஸ்டர் உறைந்தால் ஏடும் உறையும். 2000 பிப்ரவரி 17 அன்று விண்டோஸ் 2000இனுடன் வந்த ஆக்டிவ் டைரக்டரியோ, எக்ஸ்.500 என்னும் சர்வதேசத் தரத்தையும் எல்டாப் நெறிமுறையையும் தழுவி, 1996இல் வெளிவந்த எக்ஸ்சேஞ்ச் தபால் சர்வரின் டைரக்டரியிலிருந்து கிளைத்தது. அதில் கோரம் இல்லை. டைரக்டரியின் படியைத் தாங்கும் சர்வராகிய எந்த டொமைன் கன்ட்ரோலரும் தனித்து எழுதலாம். இருவர் முரண்பட எழுதினால், பதிப்பெண் பெரியதும், அது ஒத்தால் பிந்திய நேரத்ததும், அதுவும் ஒத்தால் எழுதிய சர்வரின் அடையாள எண் பெரியதும் நிலைபெறும். ஒரே பெட்டியில் விற்ற இரு பொருள்களுள் ஒன்று, கோரம் இழந்தவன் வாய் திறக்கலாகாது என்கிறது. மற்றது, அனைவரும் பேசுக, பிறகு தீர்ப்போம் என்கிறது. ஒரு தாய்வழியில் இவ்விரண்டையும் அடக்குவது எங்ஙனம்?

பின்னர் இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட வரலாற்றைச் சுருக்கிச் சொல்லலாம். தொடக்கத்தில் கிளஸ்டர் சேவை டொமைன் கணக்கொன்றின் பெயரில் ஓடியது. 2008இல் அக்கணக்கு நீங்க, கிளஸ்டரே டைரக்டரியில் ஒரு கணினியாகப் பெயர் பெற்றது. டொமைன் கன்ட்ரோலர்களையே மெய்நிகர் கணினிகளாக்கிக் கிளஸ்டரின்மேல் ஏற்றியபோது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதையாயிற்று: கிளஸ்டர் எழ டைரக்டரி வேண்டும், டைரக்டரி எழக் கிளஸ்டர் வேண்டும். 2012ஆம் பதிப்பு டைரக்டரியைக் காணாமலே கிளஸ்டர் எழ வழிசெய்தது. 2016ஆம் பதிப்பு டொமைனே இல்லாத கிளஸ்டரையும் அனுமதித்தது.

எஞ்சுவது ஒரு காலநிர்ணயம். விண்டோஸில் கோரம் என்னும் சொல் பொருளிலிருந்து எண்ணிக்கையாக மாறியது எப்போது? 1177இன் பாடத்தை நம்பினால் 2008. ஆனால் 2003ஆம் பதிப்பிலேயே ‘மஜாரிட்டி நோட் செட்’ என்ற பெயரில், பொதுவட்டு எதுவுமின்றிக் கணுக்களின் பெரும்பான்மையை எண்ணும் முறை வந்துவிட்டது. குறிப்பு மட்டும் இல்லாத சாதனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. வழக்கம் மாறியபின்னும் சாசனத்தின் வாசகம் பழமையில் நிற்பது உண்டாதலால், இவ்விரண்டு ஆண்டுகளுள் ஒன்றைத் தேர்ந்து நிறுத்த எனக்குத் துணிவில்லை. எதைக் கொண்டாலும், எண்ணிக்கை என்னும் வி.எம்.எஸ். அர்த்தம் விண்டோஸில் நுழைந்தது 1997க்குப் பின்னரே. 2008ஆம் பதிப்பில் ‘சாட்சி வட்டு’ என்ற பெயரில் ஒரு வாக்கோடு நின்ற வட்டு, வி.எம்.எஸ்.ஸின் பழைய கோரம் வட்டை அப்படியே ஒத்திருப்பதும் உண்மையே. அதனை மறைந்திருந்த பிதிரார்ஜிதம் வெளிப்பட்டதாக ருசினோவிச்சின் வழியினர் கொள்ளக்கூடும். வாக்கெண்ணும் முறையோ 1979இலேயே கிஃபர்டின் கட்டுரையால் பொதுச்சொத்தாகிவிட்டது. பொதுக்கிணற்றில் நீர் மொண்டவனைப் பங்காளி என்று யாரும் சொல்வதில்லை.